என்ன போச்சு?

பழுது பார்க்கிறவனிடம் பொருளைக் கொண்டு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். 'எவ்வளவு ஆகும்?' என்பது ஒன்று. அதற்கு எப்படியாவது ஒரு பதில் சொல்லிவிடலாம். மற்றது, 'என்ன போச்சு?' பல ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்வது இந்த இரண்டாவது கேள்விதான். அதற்குள்ளேயே ஒரு முடிவு இருக்கிறது. ஏதோ ஒன்று போய்விட்டது, அந்த ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்ற முடிவு. கேட்பவருக்கு ஒரு பெயர் வேண்டும். 'ட்ரான்சிஸ்டர் போச்சு' என்றால் திருப்தியாகத் தலையாட்டுவார். ட்ரான்சிஸ்டர் ஏன் போச்சு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பகலில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிள்ளானில் என் வீட்டு முன்புறம், கார் நிற்க வேண்டிய இடத்தில், மேசை போட்டு கித்தார் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் விருந்து என்று வாசிக்கும் பேண்ட் குழுக்களின் ஆம்ப்தான் அதிகம் வரும். வால்வ் ஆம்ப் அபூர்வம். எல்லாம் ட்ரான்சிஸ்டர் வகை. கனம் குறைவு, விலை குறைவு, வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம்.

பெரும்பாலான பழுது சின்னது. சத்தம் விட்டு விட்டு வந்தால், பின்பக்கம் எஃபெக்ட்ஸ் பெடலுக்கென்று இருக்கும் இரண்டு துளைகளையும் ஒரு கேபிளால் இணைத்துப் பார்ப்பேன். சத்தம் திரும்பினால் உள்ளே தொடுமுனையில் களிம்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சர்வசாதாரணம். 'உம்ம்' என்று கனத்த இரைச்சல் வந்தால், மின்சாரத்தை நேராக்கித் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். ஒருமுறை பல்லி ஒன்று போர்டின் குறுக்கே கருகிக் கிடந்தது. இவற்றிலெல்லாம் 'என்ன போச்சு?' என்ற கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. தொடுமுனை, கெப்பாசிட்டர், பல்லி.

சிக்கல் வருவது கடைசிக் கட்டத்தில், ஸ்பீக்கரை அசைக்கும் பெரிய ட்ரான்சிஸ்டர்கள் எரியும்போது. அவை ஜோடியாக இருக்கும். மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தை ஆளுக்கொரு பக்கம் இருவர் பிடிப்பதுபோல, ஒலியலையின் ஒரு பாதியை ஒன்று தள்ளும், மறு பாதியை மற்றது இழுக்கும். கைமாறும் இடத்தில் தட்டுப்படாமல் இருக்க, இரண்டும் எப்போதும் லேசாக விழித்திருக்க வேண்டும். எவ்வளவு லேசாக என்பதை ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் தீர்மானிக்கிறது. பெரியவற்றின் சூட்டை உணர்ந்து கட்டுப்படுத்தவேண்டும் என்பதால் அதையும் அதே அலுமினியத் தகட்டில் திருகி வைத்திருப்பார்கள். விலை ஒரு வெள்ளிகூட இருக்காது. அதன் தொடர்பு அறுந்தால் பெரியவை இரண்டும் ஒரே நேரத்தில் முழுவதும் திறந்துகொள்ளும். ரம்பத்தை இருவரும் ஒரே சமயத்தில் தன் பக்கம் இழுத்த மாதிரி. சில நொடிகளில் கதை முடிந்துவிடும்.

எரிந்ததைக் கழற்றி மீட்டரில் வைத்தால் எங்கு தொட்டாலும் ஷார்ட். மூடி உடைந்திருக்கும், போர்டு கறுத்திருக்கும். கண்ணுக்கு முன்னால் நிற்கிற குற்றவாளி அதுதான். ஆனால் அனுபவமுள்ள எவரும் அதை மட்டும் மாற்றிவிட்டு நேராகக் கரண்டில் சொருக மாட்டார். மூலம் சரியாகாமல் இருந்தால் புதியதும் அதே நொடியில் எரியும். ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் ஒரு பழைய நக்கல் உண்டு: விலையுயர்ந்த ட்ரான்சிஸ்டர் முதலில் செத்து, மலிவான ஃபியூஸைக் காப்பாற்றும்.

சென்ற ஆண்டு ஒரு பேண்ட் தலைவர் கொண்டுவந்த ஆம்ப் இந்த வகை. ஏற்கெனவே வேறொரு கடையில் 180 வெள்ளி கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். அங்கே ட்ரான்சிஸ்டர் ஜோடியையும் ஃபியூஸையும் மாற்றி, மேசைமீது வைத்து வாசித்துக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"ரெண்டு வாரம்கூட தாங்கல லா. கல்யாணத்துல பாதி பாட்டுல புகை."

கூடவே ஒரு பையன் நின்றான். பத்தொன்பது வயது இருக்கும். தலைவர் அவனைத் தாடையால் காட்டினார். "இவன்தான்ணே. எப்பவும் பத்துல வச்சுதான் வாசிப்பான். சொன்னா கேக்க மாட்டான். அதான் அந்த 180ஐ இவன் கணக்குல கழிச்சிட்டேன்." ஒரு நிகழ்ச்சிக்குப் பையனுக்கு 60 வெள்ளி. ஆக மூன்று இரவு வாசித்ததற்குக் காசில்லை. இம்முறை நான் எழுதப்போகும் பில்லும் அவன் தலையில்தான் விழும் என்பது எனக்குப் புரிந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

என்னிடம் ஒரு பழைய குண்டு பல்பு இருக்கிறது, 100 வாட். சந்தேகப்படும் ஆம்ப்பை அந்த பல்பு வழியாகத்தான் மின்சாரத்தில் இணைப்பேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவை பிழைக்கும். இந்த பல்பு இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. எல்ஈடி இந்த வேலைக்கு உதவாது. புது ஜோடியைப் போட்டு, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பல்பு வழியாகக் கொடுத்தேன். பல்பு மினுக்கென்று எரிந்து அடங்கியது. எல்லாம் சரி. முன்பு பார்த்த கடைக்காரரும் இதைத்தான் பார்த்திருப்பார். மறுநாளும் சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள் இரவு, மனைவியின் முடி உலர்த்தும் கருவியை எடுத்து அலுமினியத் தகட்டைப் பத்து நிமிடம் சூடாக்கினேன். பிறகு சீன உணவுக்கடையில் கொடுக்கும் மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். அந்தச் சின்ன ட்ரான்சிஸ்டரின் அருகே வந்ததும் பல்பு பளீரென்று எரிந்தது. குச்சியை எடுத்ததும் அடங்கியது.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், அதன் காலைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக ஒரு விரிசல், முடியளவு. குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடானால் விலகும்.

'என்ன போச்சு?' என்று கேட்டால் இப்போது பதில், ஈயப்பற்று. ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. அது ஏன் விரிந்தது? அந்த ட்ரான்சிஸ்டரின் உடல் தகட்டில் இறுகத் திருகப்பட்டிருக்கிறது, கால்கள் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். ஒவ்வொரு முறையும் அந்த இழுபறியை ஈயம்தான் தாங்குகிறது. வடிவமைத்தவர் ஒரு சின்ன வளைவு விட்டிருந்தால் இழுப்பு குறைந்திருக்கும். போதாததற்கு ஸ்பீக்கரும் சர்க்யூட்டும் ஒரே பெட்டிக்குள். ஒவ்வொரு தாளத்துக்கும் போர்டு அதிரும். வேனில் போகும்போது வேறு அதிரும். அதற்கும் மேலே, உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் வயரை யாரோ வெட்டி, டேப் சுற்றி, இன்னொரு பெட்டிக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். பின்பக்கம் 8 ஓம் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். கரண்ட் ஏறக்குறைய இரு மடங்கு. சூடும் அதற்கேற்ப.

அந்தப் பெட்டியை இணைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். "கல்யாண மண்டபத்துல பின்னால உக்காந்திருக்கவங்களுக்கு கேக்கலைன்னாங்க. நான்தான் போடச் சொன்னேன்" என்றார் தலைவர். வெளிப்படையாகவே சொன்னார். அதில் தப்பு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

தொழிற்சாலையில் எங்களுக்கு இதற்கென்று ஒரு பாரம் உண்டு. 'மூலக் காரணம்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 'ஏன்?' டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ பரவலாக்கிய முறை இது. அவர் தந்த உதாரணமே ஒரு ஃபியூஸில்தான் தொடங்குகிறது. இயந்திரம் ஏன் நின்றது? அதிகச் சுமையால் ஃபியூஸ் போனது. ஏன் அதிகச் சுமை? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்ப்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போனது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் மறுபடி போயிருக்கும். நல்ல உதாரணம். ஆனால் என் அனுபவத்தில் இந்தப் பாரத்தின் ஐந்து கட்டங்களும் நிரம்புவது அரிது. இரண்டாவது கட்டத்திலேயே 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் மீதியை நிரப்பத் தேவையில்லை. முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் நேப்பாளத் தொழிலாளி ஒருவரின் விரல் நசுங்கியது. இயந்திரத்தின் மூடி திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி தடைபடுகிறது என்று ஒரு துண்டு வயரால் எப்போதோ தாண்டிவிட்டிருந்தார்கள். ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்த ஆம்ப்புகளை நான் திறந்திருக்கிறேன். இதுவும் அதே வேலைதான். பாரத்தில் எழுதப்பட்டது: கவனக்குறைவு. தீர்வு: மறுபயிற்சி. விரலில் கட்டோடு அவர் பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தார்.

ஏன் இரண்டாவது கட்டத்தில் நிற்கிறோம்? சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை என்று நினைக்கிறேன். ஹார்ட், ஓனரே என்ற இரண்டு சட்ட அறிஞர்கள் 1959இல் சட்டத்தில் காரணம் என்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் காட்டும் விஷயம் எளிமையானது. எந்த நிகழ்வுக்கும் ஆயிரம் நிபந்தனைகள் வேண்டும். தீப்பிடிக்க ஆக்ஸிஜனும் வேண்டும், ஆனால் வீடு எரிந்ததற்குக் காரணம் ஆக்ஸிஜன் என்று யாரும் சொல்வதில்லை. வழக்கமாக இருப்பதை விட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறானதைத்தான் காரணம் என்கிறோம். எது வழக்கம் என்பதோ கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இந்தியாவில் ஒரு பெரும் பஞ்சம் என்று வைத்துக்கொள்வோம். விவசாயி வறட்சிதான் காரணம் என்பார். உலக உணவு அமைப்போ, அரசு தானியக் கையிருப்பு வைக்காததுதான் காரணம் என்னும். இது அவர்களுடைய உதாரணம்தான்.

இதை எங்கள் ஆம்ப்புக்குப் பொருத்திப் பார்த்தேன். தலைவருக்குக் கூடுதல் பெட்டி வழக்கம். எல்லா பேண்டும் அப்படித்தான் செய்கிறது. பையன் குமிழைப் பத்தில் வைப்பதுதான் அவருக்கு வழக்கத்துக்கு மாறானது. எனக்கு நேர்மாறு. குமிழில் பத்து வரை எண் போட்டிருப்பதே பத்து வரை திருப்பத்தான். பின்பக்கம் 8 ஓம் என்று எழுதியிருப்பதை மீறியதுதான் எனக்கு விநோதம். தயாரித்தவர்களைக் கேட்டால் வேனைக் குறை சொல்வார்கள். எல்லாருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால் 'எது காரணம்?' என்ற கேள்வி அறிவியல் கேள்வி மாதிரித் தோன்றினாலும், பாதி வழியில் அது வேறு கேள்வியாக மாறிவிடுகிறது: எதை வழக்கம் என்று மன்னித்துவிடப் போகிறோம்? அதைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவராகவே இருக்கிறார். தன் பழக்கத்தை அவர் ஆக்ஸிஜன் கணக்கில் வைத்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. காரணத்துக்குக் காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் யாருக்குமே பொறுப்பில்லாமல் போய்விடாதா? எல்லாம் சூழ்நிலை, எல்லாம் அமைப்பு, எல்லாம் விதி என்று கையைத் துடைத்துக்கொள்ளலாமே. எங்கள் தாமான் கோயிலில் மைக் பிடிக்கிற பெரியவர்கள் சிலர் 'பசங்க கெட்டுப் போயிட்டானுங்க' என்பார்கள். தோட்டம் மூடி, குடும்பங்கள் நகரத்து ஓரத்தில் மலிவு அடுக்குமாடிக்கு வந்த கதையை யாராவது எடுத்தால், 'அதுக்காக?' என்று கேட்பார்கள். அந்த 'அதுக்காக?' எனக்கு எரிச்சலைத் தந்தாலும், அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஹைலண்ட் டவர்ஸ் வழக்கு இந்த இடத்தில் எனக்கு உதவியது. 1993 டிசம்பர் 11, உலு கிள்ளானில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். கேட்டால் இன்றும் பலர் சொல்லும் காரணம் மழை. அன்று மழைதான். ஆனால் இடியாத மற்ற இரண்டு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பொறுப்பை விழுக்காட்டில் பிரித்தது. கட்டிய நிறுவனத்துக்கு 15, கட்டட வரைவாளருக்கு 10, பொறியாளருக்கு 10, நகராண்மைக் கழகத்துக்கு 15, பின்னால் இருந்த மலைச்சரிவு நிலத்தின் உரிமையாளரான நிதி நிறுவனத்துக்கு 30, பக்கத்து நிலத்தில் காட்டை அழித்த தரப்புக்கு 20. மழைக்குப் பூஜ்யம். 2006இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டி நகராண்மைக் கழகத்தை விடுவித்தது. அது வேறு வருத்தம். எண்கள் துல்லியமானவை என்று நான் சொல்லவரவில்லை. 15க்கும் 20க்கும் என்ன வேறுபாடு என்று எந்த மீட்டரும் சொல்லாது. ஆனால் பொறுப்பைப் பிரித்தால் அது கரைந்து காணாமல் போய்விடும் என்ற பயத்துக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பதில். பிரித்த பின்பும் கூட்டினால் நூறு வந்தது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் இருந்தது.

சரி, இப்படியே பையனையும் எரிந்த ட்ரான்சிஸ்டர் என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவனே அதைக் கெடுத்துவிட்டான்.

நான்காம் நாள் மாலை, பகல் வேலை முடிந்து, தனியாக மோட்டாரில் வந்தான். விரிசலைக் காட்டினேன். சூடாக்கி, குச்சியால் தட்டி, பல்பு எரிவதையும் காட்டினேன். இரண்டு மூன்று முறை அவனே தட்டிப் பார்த்தான். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "அப்ப நீ காரணம் இல்ல தம்பி" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்படி இல்லண்ணே. லேசா தீஞ்ச வாசனை வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்தப் பாட்டு முடியட்டும்னு வாசிச்சேன்."

ட்ரான்சிஸ்டர் இப்படிச் சொல்லாது. என் உவமை அங்கே உடைந்தது, உடைந்ததும் நல்லதுதான். அவனை முழுக்க விடுவிக்க நினைத்தபோது அவனிடமிருந்து எதையோ பிடுங்கியிருக்கிறேன் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நூறில் நூறும் உன்னுடையது என்று தலைவர் சொன்னதை அவன் மறுத்துப் பேசவில்லை. பூஜ்யம் என்று நான் சொன்னதைத்தான் மறுத்தான். தன் பங்கு எவ்வளவோ அவ்வளவு தனக்கு வேண்டும் என்கிறான். பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று எழுதுகிற நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். ஒருவர் செய்த தவறில் அவருக்குரிய பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது ஒரு பாகம்தான், ஆள் இல்லை.

பில் எழுதும்போது நேரம் எடுத்தது. வழக்கமாக ஒரு வரியில் முடித்துவிடுவேன். இம்முறை எழுதினேன்: ட்ரான்சிஸ்டர் ஒரு ஜோடி, ரெசிஸ்டர் இரண்டு, ஃபியூஸ். ஈயப்பற்று விரிசல் சரிசெய்து, காலுக்கு வளைவு விட்டு வயர் போட்டது. வெட்டி இணைத்த வயரை நீக்கியது, 4 ஓமில் ஓட்டியதால் கூடுதல் சூடு. மொத்தம் 140 வெள்ளி. ட்ரான்சிஸ்டரை ஜாலான் பசாரில் எனக்குத் தெரிந்த கடையில் மட்டும்தான் வாங்குவேன். பெயர் அச்சிட்ட போலிகள் அவ்வளவு நடமாடுகின்றன. 'அதிகச் சத்தத்தில் வாசித்தது' என்று நான் எழுதவில்லை. பையன் சொன்னது என்னிடம் சொன்னது. அதைத் தலைவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவனைச் சேர்ந்தது.

தலைவர் பில்லைப் படித்துவிட்டு, "ஈயம் வைக்க இவ்ளோவாண்ணே?" என்றார். மூன்று இரவு தேடியதற்கு என்றேன். விரிசலைப் பற்றி, கூடுதல் பெட்டியைப் பற்றி, சூட்டைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். மாற்றிய பழைய பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். உடைந்த ட்ரான்சிஸ்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசலைப் பையில் போட்டுக் கொடுக்க முடியாது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்ததோடு அது போய்விட்டது.

"எல்லாம் சரிண்ணே. ஆனா போனது இதானே?" என்றார். பையைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பையனிடம் காட்டவேண்டுமாம்.

ஈயத்தை எடுக்கும் முன்பு விரிசலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அன்றிரவு இருவருக்கும் அனுப்பினேன். ஒன்றும் தெரியவில்லையே என்று தலைவரிடமிருந்து பதில் வந்தது. பையன், 'நல்லா தெரியுதுண்ணே' என்று எழுதியிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சொன்னான், கழித்த 180இல் 100 வெள்ளி திரும்ப வந்துவிட்டதாம். புதிதாக வந்த 140ஐத் தலைவரே போட்டுக்கொண்டாராம். மீதி 80 என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை.